‘ஃப்ரீ ஹேண்ட்’ தருகிறேன் என்று சொன்னவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

முதல் பதிவு

புது இணையதள வேலை. மேனேஜர் எல்லோர் முன்னாலும் சொன்னார்: “உங்களுக்கு ஃப்ரீ ஹேண்ட். என்னைக் கேட்கவே வேண்டாம்.” அதை நம்பி முகப்பையே மாற்றி வடிவமைத்தோம். காட்டிய அன்று மவுஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒரு வார்த்தை பேசாமல் ஒவ்வொரு பட்டனையும் பழைய இடத்துக்கே நகர்த்தினார். பக்கத்தில் என் ஜூனியர் பெண் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். வடிவமைப்பு போனால் போகட்டும். அதற்கப்புறம் அவள் எந்தக் கூட்டத்திலும் சொந்தமாக ஒரு யோசனைகூட சொல்லவில்லை. அதுதான் உறுத்துகிறது.

மறுமொழி 1

உங்களுக்குக் கிடைத்தது ‘ஃப்ரீ ஹேண்ட்’ இல்லை, ‘ஃப்ரீ ரெயின்’ (rein, கடிவாள வார்). கடிவாள வாரைத் தளர்த்தி விட்டால் குதிரை தன் போக்கில் போகும், ஆனால் வார் சவாரி செய்பவர் கையில்தான் இருக்கும். இதே தொடரை ஒரு அறிக்கையில் ஆட்சி என்று பொருள்படும் ‘reign’ ஸ்பெல்லிங்கில் எழுதியிருந்தார்கள். ஆங்கிலேயர்களே அடிக்கடி குழப்பிக்கொள்வது இது. மொழிபெயர்த்தவர் ‘குழுவுக்குத் தடையற்ற ஆட்சி’ என்று போட்டுவிட்டார். அச்சாகி வந்த பக்கத்தைக் குழுத் தலைவர் என்னிடம் நீட்டி, “நாங்க என்ன ராஜாவா?” என்று கேட்ட முகம் மறக்கவில்லை.

மறுமொழி 2

எனக்கு நடந்தது ‘ஹாப்சன்ஸ் சாய்ஸ்’, அதாவது தேர்வு என்ற பெயரில் ஒன்றே ஒன்று. பயிற்சி வகுப்புக்கு “நேரத்தை உங்கள் விருப்பப்படி தேர்ந்தெடுங்கள்” என்று படிவம் வந்தது. அம்புக்குறியை அழுத்தினால் பட்டியலில் ஒரே ஒரு நேரம். திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தேன், அதே ஒன்றுதான். முதல் பதிவருக்கு நடந்ததும் இதுதானே?

மறுமொழி 3

இல்லை நண்பரே. அந்தத் தொடருக்குப் பெயர் தந்த ஹாப்சன் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் குதிரை வாடகைக்கு விட்டவர், 1631-இல் இறந்தார். கதவுக்குப் பக்கத்தில் நிற்கும் குதிரையைத்தான் கொடுப்பார், வேண்டாமென்றால் நடந்து போகலாம். நல்ல குதிரைகளையே எல்லோரும் கேட்டு ஓட்டிக் களைக்க வைக்கக் கூடாது என்பது அவர் கணக்கு. அதில் ஏமாற்று இல்லை, நிபந்தனை முதலிலேயே தெரியும். முதல் பதிவருக்கு முழு உரிமை தந்து பிறகு பிடுங்கினார்கள். இரண்டும் வேறு.

என் அனுபவம் சின்னது: “செலவைப் பற்றிக் கவலைப்படாதே, பிளாங்க் செக்” என்றார் ஒருவர், அதாவது தொகையை நானே நிரப்பிக்கொள்ளலாம். பில்லை நீட்டியதும் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

ஒரு யோசனை சொல்கிறேன். யாராவது ‘உன் இஷ்டம்’ என்றால் அங்கேயே கேளுங்கள்: எவ்வளவு பணம் வரை, எந்தத் தேதி வரை, கடைசி முடிவு யாருடையது? பதிலை மெயிலில் எழுதி அவருக்கே அனுப்புங்கள். தொடவே கூடாத பகுதி உண்டா என்றும் கேளுங்கள், பெரும்பாலும் ஒன்று இருக்கும். 1914 ஜூலையில் ஜெர்மனி ஆஸ்திரியா-ஹங்கேரிக்கு எல்லை சொல்லாமல் கொடுத்த ஆதரவை வரலாற்று நூல்கள் ‘பிளாங்க் செக்’ என்றே குறிப்பிடுகின்றன. சில வாரங்களில் உலகப் போர். நாடுகளே எல்லை பேசாமல் மாட்டிக்கொண்டன. கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். பாதியிலும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

முதல் பதிவர்

மெயில் யோசனை சரி. ஆனால் அந்தப் பெண்ணை மறுபடி பேச வைக்க என்ன செய்வது? யாருக்காவது அப்படி நடந்து, அப்புறம் சரியானதுண்டா?