"என்பர்" என்றால் யார்? ஆய்வு எழுதி அடிபட்டவர்கள் கதை சொல்லுங்கள்

பனைவிளை:

ஆய்வேட்டைக் கொடுத்து 7 மாதம் ஆகிறது. வாய்மொழித் தேர்வுக்கு இன்னும் தேதி வரவில்லை. காத்திருக்கிற நேரத்தில், எழுதக் கற்றுக்கொண்ட கதையை இங்கே போடுகிறேன். அடிபட்டவர்கள் அவரவர் கதையையும் போடுங்கள்.

என் தலைப்பு கன்னியாகுமரி மாவட்டத்து விளவங்கோடு வட்டாரப் பனையேறிகளின் தொழிற்சொற்கள். அப்பா 30 வருடம் பனை ஏறியவர். அதனால் எனக்குத் தெரியாததா என்ற நினைப்பு. முதல் இயலை 40 பக்கம் எழுதி நெறியாளர் அம்மாவிடம் கொடுத்தேன். ஒற்றுப்பிழைகளைச் சிவப்பு மையில் சுழித்து வைத்திருப்பார் என்று பயந்துகொண்டே போனால், ஒரு 'க்', ஒரு 'ப்' கூடத் தொடவில்லை. வாக்கியத்துக்கு வாக்கியம் கடைசிச் சொல்லின் அடியில் மட்டும் கோடு. என்பர். எனலாம். ஆகும். கருதப்படுகிறது. என்பது குறிப்பிடத்தக்கது.

"'அக்கானி காய்ச்சும் இடத்தை விடிலி என்பர்'னு எழுதியிருக்கியே, யாருப்பா அந்த என்பர்?" என்று கேட்டார். (அக்கானி என்றால் பதநீர். வெளி மாவட்டத்துக்காரர்களுக்காகச் சொல்கிறேன்.)

"எங்க ஊருல எல்லாரும்தான் அம்மா."

"எல்லாரும்னா? குளச்சல் கடற்கரையில சொல்லுவாங்களா? நாகர்கோவில் டவுன்ல சொல்லுவாங்களா? உனக்கு யார் சொன்னது?"

"அப்பா."

"அப்போ அப்பான்னு எழுது."

நான் விடவில்லை. தொல்காப்பியரே 'என்மனார் புலவர்' என்று ஆள் பெயர் சொல்லாமல்தானே போகிறார் என்றேன். அவர் சிரித்துவிட்டார். "அவருக்கு விளக்கம் எழுத உரையாசிரியர்கள் வரிசையா வந்தாங்க. உனக்கு எவரும் வர மாட்டாங்க. நீயேதான் அடிக்குறிப்பு போடணும்."

வீட்டுக்கு வந்து 40 பக்கத்தையும் அந்தக் கண்ணோடு பார்த்தேன். 'ஆகும்' என்று முடித்த பாதி இடங்களில் எனக்கே உறுதியில்லை. 'எனலாம்' என்று இழுத்த இடங்களில் கையில் ஒலிப்பதிவே இருக்கிறது, எதற்கு இழுவை? 'கருதப்படுகிறது' என்ற இடத்தில் கருதியது நான் மட்டும்தான். 'குறிப்பிடத்தக்கது' என்று கணினியில் தேடினால் 63 இடம். அத்தனையையும் எடுத்துவிட்டேன். ஒரு கருத்தும் குறையவில்லை, பக்கம்தான் குறைந்தது.

பிறகு எழுதியது இப்படி: "நான் பேசிய 11 பனையேறிகளில் 9 பேர் இதை விடிலி என்றார்கள்." பார்க்கச் சின்ன வாக்கியம். ஆனால் இதை எழுத மூன்று முறை மறுபடியும் ஊர் ஊராகப் போக வேண்டியிருந்தது. இலக்கணம் திருத்தப் போய்க் களப்பணியைத் திருத்திய கதை இது.

டைப்பிங் அக்கா:

மார்த்தாண்டத்தில் கடை வைத்து 18 வருடமாக ஆய்வேடு தட்டச்சு செய்கிறேன். நான் பட்டம் வாங்கியதில்லை. ஆனால் உங்களில் பலரைவிட அதிகமான ஆய்வேடுகளை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்தவள் நான்தான்.

ஒரு தொழில் ரகசியம் சொல்கிறேன். பிள்ளைகள் எங்கே பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்று எனக்கு மென்பொருள் இல்லாமலே தெரியும். 20 பக்கம் 'அதை பற்றி', 'அவருக்கு கிடைத்த', 'சுவற்றில்' என்று வந்துகொண்டே இருக்கும். திடீரென்று ஒரு பத்தியில் 'அதைப் பற்றி', 'அவருக்குக் கிடைத்த', 'சுவரில்' என்று எல்லாம் ஒழுங்காக வந்தால் அந்தப் பத்தி அந்தப் பிள்ளை எழுதியதில்லை. ஐ-க்குப் பிறகும் கு-க்குப் பிறகும் வல்லினம் வந்தால் ஒற்று மிகும் என்ற இரண்டு விதிகளை மட்டும் பழகிக்கொண்டாலே நான் திருத்துகிற வேலையில் பாதி ஒழிந்துவிடும். அதைக்கூடப் பழகாமல் வந்து, "அக்கா, ஒற்றெல்லாம் பார்த்துப் போட்டுருங்க" என்பார்கள், ஏதோ சாம்பாருக்கு உப்பு போடச் சொல்வதுபோல.

எழுத்துருத் தொல்லை தனிக் கதை. ஒரு தம்பி பழைய எழுத்துருவில் அடித்துக்கொண்டு வந்தார். ஒப்புமைச் சோதனையில் (பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மென்பொருள் பார்ப்பது) ஒரு விழுக்காடுகூட இல்லை என்று ஒரே சந்தோஷம். மென்பொருளுக்கு அது தமிழாகவே தெரியவில்லை, வெறும் கிறுக்கலாகத்தான் போயிருக்கிறது என்று நான் சொன்னதை நம்பவில்லை. ஒருங்குறியில் (யூனிகோட்) மாற்றிக் கொண்டுவரச் சொன்னார்கள். மாற்றினால் 40-ஐத் தாண்டிவிட்டது. 2018-இல் வந்த யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓர் ஆண்டுக்குக் கொடுக்கவே முடியாது. 60-ஐயும் தாண்டினால் பதிவே ரத்து.

அந்தத் தம்பி என்ன செய்தார் தெரியுமா? ராத்திரியெல்லாம் உட்கார்ந்து சொல்லுக்குச் சொல் மாற்றினார். 'கடற்கரை மக்கள்' எல்லாம் 'ஆழிக்கரை மாந்தர்' ஆகிவிட்டார்கள். பள்ளிக்கூடம் கல்விச்சாலை ஆனது. எனக்கு அடித்து முடிப்பதற்குள் சிரிப்பு தாங்கவில்லை. அவர் பார்த்து எழுதிய புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, "அந்த ஆள் என்ன சொல்றாருன்னு எனக்குச் சொல்லு" என்றேன். சொன்னார், நன்றாகவே சொன்னார். "இதையே எழுதி, யார் சொன்னதுன்னு கீழே போடு" என்றேன். மூன்று நாளில் வேலை முடிந்தது.

இன்னொன்று. 'ஔவை' என்பதற்கு 'ஒ'வையும் 'ள'வையும் சேர்த்து 'ஒளவை' என்று அடிக்கிறவர்கள் நிறைய. கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும், தேடினால் ஒன்று கிடைக்கும்போது மற்றது கிடைக்காது. துணைக்காலுக்குப் (ா) பதிலாக 'ர'வை அடிப்பதும் அப்படித்தான். இணையத்தில் தேடுகிறவர்கள் இரண்டு விதமாகவும் தேடிப் பாருங்கள்.

துலாம் 27:

அக்கா சொன்ன எழுத்துருக் கதையைவிட என் கதை கேவலமானது. நான் வரலாறு. ஊர் தோவாளைப் பக்கம்.

1956 நவம்பர் 1 வரை நம் மாவட்டம் திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்ததால் பழைய கோப்புகளில் கொல்லம் ஆண்டுதான் (மலையாள ஆண்டு) இருக்கும். அதோடு 825-ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு என்று எப்போதோ எவரோ சொன்னது மண்டையில் நின்றுவிட்டது. கோயில் நுழைவுப் பிரகடனத்தின் நாள் 1112 துலாம் 27. கூட்டிப் பார்த்து 1937 என்று கட்டுரையில் எழுதி, ஒரு கருத்தரங்கில் வாசிக்கவும் செய்துவிட்டேன். கடைசி வரிசையில் இருந்து ஒரு பெரியவர் எழுந்தார். "தம்பி, கோயிலுக்குள்ள போலாம்னு மகாராஜா உத்தரவு போட்ட வருசம் எங்க வீட்டுல சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 1936." உட்கார்ந்துவிட்டார். அவர் அதட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

1936 நவம்பர் 12 தான் சரி. கொல்லம் ஆண்டு சிங்க மாதத்தில், அதாவது ஆவணியில் பிறக்கிறது. அங்கிருந்து டிசம்பர் முடியும் வரை 824-தான் கூட்ட வேண்டும். ஜனவரி பிறந்தபிறகு கர்க்கடகம் (ஆடி) முடிய 825. மாதம் தெரியாத கோப்பு என்றால் 1936-37 என்று இரண்டையும் சேர்த்துப் போடுவதைத் தவிர வழியில்லை. இப்போதெல்லாம் கோப்பில் உள்ள தேதியை அப்படியே எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் என் கணக்கைப் போடுகிறேன். தப்பு இருந்தால் அது யாருடைய தப்பு என்று படிக்கிறவருக்குத் தெரியட்டும்.

இதோடு நின்றிருந்தால் சரி. மலையாளக் கோப்பு ஒன்றில், ஏலாவில் வெள்ளம் இல்லாமல் பயிர் கெட்டது என்று இருந்தது. (ஏலா என்றால் வயல்வெளி.) நான் "வெள்ளம் வராத ஆண்டிலும் பயிர் அழிந்தது, காரணம் ஆராயத்தக்கது" என்று எழுதி, காரணத்தையும் இரண்டு பக்கம் ஆராய்ந்து தள்ளிவிட்டேன். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். தண்ணீர் இல்லை, பயிர் போயிற்று, அவ்வளவுதான் விஷயம். எங்கள் ஊர்ப் பேச்சு திருநெல்வேலிச் சாயல். மலையாளம் கலந்து பேசுகிற விளவங்கோட்டுப் பையனாக இருந்தால் முதல் வரியிலேயே பிடித்திருப்பான். தெரியாத சொல்லை அகராதியில் பார்ப்பது எல்லாரும் செய்வது. தெரிந்ததுபோல இருக்கிற சொல்தான் என்னைக் கவிழ்த்தது.

சாளை:

எனக்கும் அதே அனுபவம், ஆனால் தமிழுக்குள்ளேயே. நான் கடல் உயிரியல். கேள்வித்தாளை வேறு மாவட்டத்தில் தயாரித்த ஒன்றிலிருந்து எடுத்துக்கொண்டு நம் கடற்கரைக்கு வந்தேன். "இந்த மாசம் மத்தி எவ்வளவு கெடச்சுது?" என்று ஒரு அண்ணனிடம் கேட்டேன். "மத்தியா? அதெக் கேரளாக்காரன்கிட்டப் போய்க் கேளு மக்கா" என்றார். அவர் காலடியில் கூடை கூடையாகச் சாளை கிடக்கிறது. இரண்டும் ஒரே மீன், சார்டினெல்லா லாஞ்சிசெப்ஸ். அறிவியல் பெயர் எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். இதற்குத்தான்.

கட்டுரை ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருந்தது. 'தி' எங்கே போடுவது, எங்கே விடுவது என்பதில் இன்றுவரை தகராறுதான், அதை யாராவது திருத்திக் கொடுத்துவிடுவார்கள். எனக்குப் பெரிய அடி வேறு இடத்தில். பின்னணி, பின்னணிக்குப் பின்னணி என்று சுற்றி வளைத்துக் கடைசிப் பக்கத்தில்தான் கண்டுபிடித்ததைச் சொல்லியிருந்தேன். மதிப்பீட்டாளர் அதை மேலே கொண்டுவரச் சொன்னார். வினைமுற்றைக் கடைசியில் வைத்துப் பேசிப் பழகியதால் கட்டுரையையும் அப்படியே கட்டிவிட்டேனோ என்னவோ. இப்போது சுருக்கத்தைத்தான் முதலில் எழுதுகிறேன். நான்கு வரியில் சொல்ல முடியவில்லை என்றால், எழுத இன்னும் நேரம் வரவில்லை என்று எடுத்துக்கொண்டு தரவுக்கே திரும்பிப் போகிறேன்.

வடசேரி பஸ் ஸ்டாண்டு:

என்னுடையது சின்னது. செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் துணைநூற்பட்டியல் கேட்டேன். ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, பக்க எண் என்று அழகாகக் கொடுத்தது. அதில் ஒரு நூலைத் தேடி மூன்று நூலகம் ஏறி இறங்கினேன். மூன்றாவது இடத்தில் நூலகர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "இப்பிடி ஒரு புஸ்தகமே கெடையாதே. நீங்க இந்த மாசம் நாலாவது ஆளு" என்றார். பஸ் செலவு வீண். அன்றிலிருந்து கையால் புரட்டாத நூலைப் பட்டியலில் போடுவதில்லை.

மலைநாடு 5-ஆம் செமஸ்டர்:

முன்னாய்வுகளைத் தேட எங்கே தொடங்குவது? எங்கள் கல்லூரி நூலகத்தில் தமிழ் ஆய்வேடுகள் ரொம்பக் குறைவு.

பனைவிளை:

@மலைநாடு, சோத்கங்கா இணையதளத்தில் தொடங்குங்கள். காந்திநகரில் உள்ள இன்ஃபிளிப்நெட் மையம் நடத்துகிறது, இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் இலவசமாகக் கிடைக்கும். தலைப்பைச் சிலர் தமிழிலும் சிலர் ஆங்கில எழுத்திலும் ஏற்றியிருப்பார்கள், இரண்டிலும் தேடுங்கள். ஒரு நல்ல ஆய்வேடு கிடைத்தால் முதலில் அதன் துணைநூற்பட்டியலுக்குப் போங்கள். அங்கிருந்து பத்து நூலுக்கு வழி கிடைக்கும். பழைய நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். சொற்பொருளுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் இணையத்திலேயே இருக்கிறது. ஆனால் நம் ஊர்ச் சொல் எல்லாம் அதில் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

அப்புறம் ஒரு விஷயம். இந்த இழை ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு நேற்று ராத்திரி ஆய்வேட்டை எடுத்து, அந்த விடிலிப் பகுதியை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "நான் பேசிய 11 பனையேறிகளில் 9 பேர்" என்று வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

"எல்லாம் ஆம்பளைகளா?"

"ஆமா. பனையேறிகதானே."

"நான் காலம்பற பனையிலல்லா கெடந்தேன். விடிலிக்குள்ள நின்னு காய்ச்சுனது உங்க பாட்டியும் அம்மையும். அவகிட்ட கேட்டியா?"

கேட்கவில்லை. அம்மா அடுக்களையில்தான் இருந்தார். போய்க் கேட்டேன். விடிலிக்குள் இருக்கிறவற்றுக்கு நான் எழுதியிருந்த ஏழு பெயர்களில் இரண்டு தப்பு என்றார். நான் கேள்விப்படாத நான்கு பெயர்கள் சொன்னார்.

டைப்பிங் அக்கா, பின்னிணைப்பாக மூன்று பக்கம் அடிக்க வேண்டும். சனிக்கிழமை கடை உண்டா?