கையில் கட்டும் சாதிக் கயிற்றின் நிறம் பார்த்துப் பிரிந்துவிட்ட பிள்ளைகளை மறுபடியும் ஒரே அணியில் சேர்ப்பது எப்படி?

வணக்கம். நாங்குநேரி பக்கத்தில் ஒரு கிராமம். நானும் நண்பர்கள் நான்கு பேரும் இரண்டு ஆண்டுகளாக மாலையில் வாலிபால் சொல்லிக்கொடுக்கிறோம். மேலத்தெரு, கீழத்தெரு என்று பாராமல் 22 பிள்ளைகள் வந்தார்கள். எல்லாரும் 13 முதல் 17 வயதுக்குள்.

ஆடி மாதக் கோயில் கொடை விழாவில் ஒலிபெருக்கியில் போட்ட ஒரு பாட்டை வைத்து வாய்த்தகராறு. அடிதடி இல்லை. மறுநாள் ஒன்பது பேர்தான் வந்தார்கள். ஒரு பையன் தண்ணீர் குடித்துவிட்டு வைத்த டம்ளரை, நேற்றுவரை அவன் தோளில் கைபோட்டு நடந்தவன் கழுவிவிட்டு எடுத்தான். அதைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

வீடு வீடாகப் போய்ப் பேசினோம். தாய்மார்கள் சம்மதித்தார்கள், அண்ணன்மார் தடுத்துவிட்டார்கள். சீட்டுக் குலுக்கி அணி பிரித்தோம். பந்தை மாற்றுத் தெருக்காரனுக்குக் கொடுக்கவே மாட்டேன் என்கிறார்கள். கயிற்றைக் கழற்றச் சொன்னால் மைதானத்தில் கழற்றி, தெருமுனையில் கட்டிக்கொள்கிறார்கள்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டிய பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, வண்ணக் கயிறுகளைத் தடை செய்யப் பரிந்துரைத்தது. ஆனால் அது பள்ளிக்குள் மட்டும்தானே! தெருவில் பேச வேண்டியது எங்களைப் போன்றவர்கள்தான்.

இப்படிப் பிரிந்த பிள்ளைகளை மீண்டும் சேர்த்தவர்கள் இங்கே இருந்தால் சொல்லுங்கள்: முதலில் யாரிடம் பேசினீர்கள், பிள்ளைகளிடமா, அந்த அண்ணன்மாரிடமா?