வார்டு உறுப்பினரா, ஊர்ப் பொது உறுப்பினரா?

கெடிலக்கரையான் (கடலூர்):
எங்கள் தெருவின் நடுவே வார்டு எல்லை செல்கிறது. கிழக்கு வரிசை வீடுகள் ஒரு வார்டு, மேற்கு வரிசை மற்றொன்று. ஐப்பசி மழையில் சாக்கடை தெருவுக்கு ஏறியபோது, கிழக்கு வார்டின் உறுப்பினர் தம் பக்கத்துக் கால்வாயைத் தூர்வாரச் செய்தார். அடைப்போ மேற்கே திரும்பும் சிறுபாலத்தின் அடியில் இருந்தது. ‘அது என் எல்லை அன்று’ என்று அவர் சொல்லிவிட்டார். அமெரிக்காவில் தம்பி மகன் வசிக்கும் நகரில் வார்டே கிடையாதாம்; எல்லா இடங்களுக்கும் நகரத்தார் அனைவரும் வாக்களிக்கிறார்களாம். கடலூரின் 45 இடங்களையும் அவ்வாறே நிரப்பினால் என்ன?

துறைமுகத்துக்காரன்:
ஐயா, அம்முறையின் சிக்கல் ஒரு சிறு கணக்கிலேயே தெரிந்துவிடும். ஐந்து இடங்கள், ஆளுக்கு ஐந்து வாக்குகள் என்று கொள்ளுங்கள். நூற்றுக்கு அறுபது பேர் ஓரணியாக நின்றால் ஐந்து இடங்களும் அவர்களுக்கே போகும். மீதி நாற்பது பேருக்கு ஒன்றும் இல்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து யாக்கிமா நகரில் இதுதான் நடந்தது. மக்களில் ஐந்தில் இரண்டு பங்கினர் லத்தீன் அமெரிக்க வழியினராக இருந்தும், அந்தத் தேர்தல் முறை 1965-ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டத்துக்கு முரணானது என்று 2014-இல் நீதிமன்றம் தீர்ப்பளிக்கும் வரை, அவர்களுள் ஒருவர்கூட நகரமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படவில்லை. ஏழு தொகுதிகளாகப் பிரித்து 2015-இல் தேர்தல் நடத்தியதும் அச்சமூகப் பெண்கள் மூவர் வென்றனர்.

நம் ஊருக்கு வாருங்கள். 2004-இல் சுனாமியும் 2011-இல் தானே புயலும் முதலில் அறைந்த தேவனாம்பட்டினம், சோனங்குப்பம், சிங்காரத்தோப்பு ஆகிய கடலோரக் குப்பங்களின் மக்களுக்கு இன்று தங்கள் வார்டு என்று சொல்லிக்கொள்ள ஓர் இடமேனும் இருக்கிறது. ஊர் முழுதும் வாக்களிக்கும் நிலை வந்தால், வேட்பாளர்கள் வாக்கு திரண்டிருக்கும் திருப்பாதிரிப்புலியூரையும் மஞ்சக்குப்பத்தையும் சுற்றிவிட்டு, படகுத்துறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கமாட்டார்கள். (ஒருவரே 45 முறை பொத்தானை அழுத்திவிட்டு வெளியே வரும் வரிசையையும் எண்ணிப் பாருங்கள்!) எப்படியும் அரசமைப்பின் 243-ஆர் பிரிவு, நகராட்சி இடங்கள் வார்டுகளிலிருந்து நேரடித் தேர்தலால் நிரப்பப்பட வேண்டும் என்கிறது, அதை நாம் இங்கே மாற்ற இயலாது.

மாலைநடையர்:
துறைமுகத்தார் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் கேள்வி கேட்டவரின் குறை அதனால் தீரவில்லை. கால்வாய் வார்டு பார்த்து ஓடுவதில்லை. ஊர் முழுமைக்கும் பொறுப்பேற்க வேண்டியவர் மேயர். அவரைத் தேர்ந்தெடுக்கும் முறையை அதே 243-ஆர் பிரிவு மாநிலச் சட்டத்துக்கு விட்டுவிட்டதால், தமிழ்நாட்டில் 1996, 2001-இல் நேரடித் தேர்தல், 2006-இல் மறைமுகத் தேர்தல் (மன்ற உறுப்பினர்களே மேயரைத் தேர்ந்தெடுப்பது), 2011-இல் மீண்டும் நேரடி, 2022-இல் மீண்டும் மறைமுகம் என்று மாறிமாறி வந்திருக்கிறது. 2021-இல்தான் மாநகராட்சியான கடலூரில் மேயர் பதவிக்கு மக்கள் நேரே வாக்களித்ததே இல்லை. சியாட்டில் நகரத்தார் 2013-இல் ஏழு தொகுதி உறுப்பினர்கள், ஊர் முழுதும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் இரண்டு பொது உறுப்பினர்கள் என்று முடிவு செய்தனர். நமக்கு அந்தப் பொது இடம் மேயர் இடமாகவே இருக்க முடியும். அதை மக்களிடம் திருப்பித் தந்தாலே போதும் என்பது என் கருத்து. மன்றத்தில் பெரும்பான்மை இல்லாத மேயர் வந்தால் இழுபறி வரும் என்பதையும் மறுக்கமாட்டேன்.

முத்தியால்பேட்டையார் (புதுச்சேரி):
எல்லை எதுவென்று சண்டையிட உங்களுக்கு இரண்டு உறுப்பினர்களாவது இருக்கிறார்கள். இங்கே 1968-க்குப் பிறகு 2006-இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அதில் வென்றவர்களின் பதவிக்காலம் 2011-இல் முடிந்தது. அதன்பின் ஐந்து நகராட்சிகளையும் அதிகாரிகளே நடத்துகிறார்கள். கால்வாய் அடைத்துக்கொண்டால் நாங்கள் சட்டமன்ற உறுப்பினரின் வீட்டு வாசலில் நிற்கிறோம்.

கெடிலக்கரையான்:
அனைவருக்கும் நன்றி. 45 இடங்களையும் பொதுவாக்கும் எண்ணத்தைக் கைவிட்டேன். குப்பங்களை நான் நினைத்துப் பார்க்கவில்லை. இன்னும் ஒரு கேள்வி: எல்லையைத் தெரு நடுவில் இடாமல், வீடுகளின் கொல்லைப்புறம் வழியே கொண்டு போக முடியாதா?

துறைமுகத்துக்காரன்:
முடியும். அடுத்த முறை வார்டு மறுவரையறைக்கான வரைவு வெளிவந்து ஆட்சேபணை கேட்கும்போது, இரு வரிசைக்காரர்களும் சேர்ந்து கையெழுத்திட்ட மனுவைத் தெருவின் வரைபடத்தோடு கொடுங்கள். அதுவரை, இரண்டு உறுப்பினர்களையும் ஒரே நாளில் அந்தச் சிறுபாலத்துக்கு அழைத்து வாருங்கள்.