முகப்பில் பெயர் அழிந்த லேசர் பிரின்டரின் மாடலை எப்படி உறுதிசெய்வது?

கேள்வி

வணக்கம். எங்கள் ஊர்ப் படிப்பகத்துக்கு நன்கொடையாக வந்த பழைய எச்பி பிரின்டரின் முகப்பில் 'லேசர்ஜெட்' என்பது மட்டுமே தெரிகிறது. மாடல் எண் தேய்ந்துவிட்டது. பின்புற ஸ்டிக்கரில் பிஓஐஎஸ்பி என்று தொடங்கும் எண் உள்ளது. அதைச் சொல்லி டோனர் கேட்டால் கடைக்காரருக்குப் புரியவில்லை. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் பழைய வினாத்தாள்களை அச்சிடக் காத்திருப்பதால், தவறான டோனரில் பணத்தை வீணாக்க மனமில்லை. என்ன செய்யலாம்?

மறுமொழி 1

நீங்கள் குறிப்பிடுவது அரசுகளின் தரச்சான்று விதிமுறைகளுக்காக இடப்படும் அடையாள எண். அது விற்பனைப் பெயரும் அன்று, டோனர் வாங்கப் பயன்படுவதும் அன்று. ஸ்டிக்கரில் 'புராடக்ட் நம்பர்' என்ற வரியைத் தேடுங்கள். பின்புறம் இல்லாவிட்டால் அடிப்பக்கத்திலோ டோனர் மூடியின் உட்புறத்திலோ இருக்கலாம். அங்கே சிசி366ஏ என்றிருந்தால் உங்களுடையது பி1008. சிபி411ஏ என்றிருந்தால் பி1006. இவ்விரண்டும் தோற்றத்தில் பெரிதும் ஒத்திருந்தாலும் பி1006-க்கு 35ஏ டோனரும் பி1008-க்கு 88ஏ டோனரும் தேவைப்படுவதால், இணையத்தில் படத்தைப் பார்த்து முடிவுசெய்துவிடாதீர்கள்.

மறுமொழி 2

ஸ்டிக்கர் கிழிந்திருந்தாலும் கவலை வேண்டாம். யுஎஸ்பி வழியாக இணைக்கப்படும் பிரின்டர் தன் பெயரைத் தானே கணினிக்குத் தெரிவிக்கும். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, பிரின்டருக்குரிய பதிவின் பிராப்பர்ட்டீஸில் 'டீடெயில்ஸ்' பகுதிக்குச் சென்று, 'பஸ் ரிப்போர்ட்டட் டிவைஸ் டிஸ்கிரிப்ஷன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். டிரைவர் (கணினி பிரின்டரை இயக்கத் தேவையான மென்பொருள்) நிறுவப்படாத நிலையில் பிரின்டர் 'அதர் டிவைசஸ்' என்பதன் கீழ் இருக்கும். 'பிரின்டர்ஸ்' பட்டியலில் உள்ள பெயரை மட்டும் நம்ப வேண்டாம் என்று வலியுறுத்திச் சொல்வேன். அது டிரைவரை நிறுவியபோது இடப்பட்ட பெயர், யார் வேண்டுமானாலும் மாற்றக்கூடியது. பழைய உரிமையாளரின் கணினியும் சேர்ந்து வந்திருந்தால் இதில் கூடுதல் கவனம் தேவை.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. ஸ்டிக்கரின் அந்தப் பகுதி கிழிந்திருந்தது. கணினியில் 'எச்பி லேசர்ஜெட் பி1008' என்று தெளிவாக வந்தது. உள்ளே இருக்கும் பழைய டோனரைப் பார்த்தே இதைக் கண்டுபிடித்திருக்க முடியுமா?

மறுமொழி 3

டோனர் வாங்குவதற்கு மட்டும் அது போதும். அதன்மீது 88ஏ அல்லது சிசி388ஏ என்று இருக்கும். ஆனால் பி1007, பி1106, பி1108, எம்1136 ஆகியவையும் அதே டோனரைப் பயன்படுத்துவதால், அதைக்கொண்டு மாடலை முடிவுசெய்ய இயலாது. டிரைவரைத் தேடும்போது நீங்கள் கண்டறிந்த முழுப்பெயரே உதவும். அந்தப் பெயரை ஒரு தாளில் எழுதிப் பிரின்டரின் பக்கவாட்டில் ஒட்டிவிடுங்கள், அடுத்த பொறுப்பாளருக்குத் தேவைப்படும்.