மாடியில் காய்த்த கும்குவாட்: தோலோடு சாப்பிட்டால் என்ன கிடைக்கும்?

திருநகர் மாடி
வணக்கம். அழகர்கோவில் ரோட்டுல 'சைனா ஆரஞ்சு'ன்னு சொல்லி வாங்கின ஒட்டுக்கன்று, 18 அங்குல பையில இருக்கு. நாற்பது காய் பிடிச்சு, பாதி பழுத்தாச்சு. கும்குவாட்ங்கிற குட்டி ஆரஞ்சு வகையாம், தோலோடு தின்னணுமாம். அப்படி அதுல என்ன சத்து? வீட்ல சர்க்கரைக்காரங்க இருக்காங்க, எத்தனை தரலாம்? இன்னொண்ணு, கொழுந்து மட்டும் வெளிறி மஞ்சளாகுது, நரம்பு பச்சையாவே நிக்குது. போர் தண்ணிதான் ஊத்துறேன்.

நார்த்தங்கொல்லை
அது கும்குவாட்தானான்னு முதல்ல பாருங்க. 'சைனா ஆரஞ்சு'ங்கிற பேர்ல கலமான்சியும் வரும். ஒரு பழத்தை நகத்தால கீறுங்க. கமலா மாதிரி தோல் லேசா கழண்டு வந்து, பழமும் மேலே கீழே கொஞ்சம் தட்டையா இருந்தா கலமான்சி. எலுமிச்சையா புளிக்கும், ஜூஸுக்குத்தான் ஆகும். கும்குவாட்ல தோல் சுளையோட ஒட்டியே இருக்கும். நாகமி ரகம் நீள்வட்டம், மெய்வா உருண்டை. தோலை மட்டும் கடிச்சா இனிக்கும், உள்ளே புளிக்கும். அதனாலதான் முழுசா திங்கிறது. விரல்ல வச்சு நல்லா உருட்டுங்க, தோல் எண்ணெய் கசிஞ்சு வாசம் வரும். அப்புறம் வாயில போட்டு மென்னு, விதையைத் துப்பிடுங்க.

கீரைக்கட்டு
சத்துக் கணக்கு, 100 கிராமுக்கு (சுமாரா அஞ்சு பழம்): 71 கலோரி, நார்ச்சத்து 6.5 கிராம், சர்க்கரை 9.4 கிராம், வைட்டமின் சி 44 மி.கி., கால்சியம் 62 மி.கி., பொட்டாசியம் 186 மி.கி.

வைட்டமின் சி-க்காக இதை வளர்க்கிறது வீண் வேலைங்க. நாட்டுக் கொய்யாவே பல மடங்கு தரும். ஆரஞ்சுலகூட 53 மி.கி. இருக்கு. கும்குவாட் ஜெயிக்கிறது நார்ச்சத்துல. ஆரஞ்சுச் சுளையில 2.4 கிராம்தான், ஏன்னா அதோட தோலை நாம வீசிடுறோம். ஆக தோலை உரிச்சுட்டோ, வடிகட்டி ஜூஸா போட்டோ குடிச்சா பாதிக்கு மேல போச்சு. சீனிப்பாகுல போட்டா கேக்கவே வேணாம்.

சர்க்கரைக்காரங்களுக்கு ஒரு தடவைக்கு மூணு, நாலு போதும். சாப்பாட்டோட கீரையோ கேப்பைக் களியோ இருக்கிற அன்னிக்கு ரெண்டு பழம் கடிச்சுக்கிட்டா, கீரை, கேப்பையில உள்ள இரும்பு உடம்புல நல்லா ஒட்டும். பின்னாடியே காபி குடிச்சா அந்தப் பலன் குறைஞ்சுடும். அல்சர், நெஞ்செரிச்சல் உள்ளவங்க வெறும் வயித்துல வேணாம்.

நார்த்தங்கொல்லை
மஞ்சளுக்கு வர்றேன். கொழுந்து மஞ்சள், நரம்பு பச்சைன்னா இரும்புப் பற்றாக்குறை. மண்ணுல இரும்பு இல்லாம இல்ல. உப்புத்தண்ணி ஊத்தி ஊத்தி மண்ணு காரத்தன்மை ஏறிடுச்சு, வேர் அதை எடுக்க முடியல. பை ஓரத்துல வெள்ளையா பூத்திருக்குமே, பாருங்க. நல்ல தண்ணி கிடைக்கிற அன்னிக்கு அடியில வழிஞ்சு ஓடுற வரைக்கும் ரெண்டு மூணு தடவை ஊத்திக் கழுவி விடுங்க. ஐப்பசி மழையில பையைத் திறந்த இடத்துல வச்சாலே பாதி சரியாகும். இலைக்கு: ஒரு லிட்டர் தண்ணியில அன்னபேதி (இரும்பு சல்பேட்) 5 கிராம், சிட்ரிக் அமிலம் 1 கிராம். சாயங்காலம், கொழுந்து விரியும்போது, பழத்துல படாம. பட்டா துருக் கறை விழும்.

திருநகர் மாடி
நீள்வட்டம்தான், தோலும் உரிய மாட்டேங்குது. ஆனா ஒட்டுக்குக் கீழே இருந்து ஒரு கிளை முள்ளோட நெட்டுக்குத்தா போகுது, காம்புக்கு மூணு மூணு இலை. அதுவும் இதேதானா?

நார்த்தங்கொல்லை
இல்லை, அது வேர்ச்செடியோட (ஒட்டுக் கட்ட அடியில வச்ச செடி) போத்து. அடியோட சீவி எறிங்க, விட்டா மேல் செடியை அமுக்கிடும். மூணு இலைன்னா மூவிலை ஆரஞ்சு வேர்ச்செடி. சுண்ணாம்பு மண்ணு அதுக்கு ஆகாது. மஞ்சளுக்கு அதுவும் சேர்ந்த காரணம். அடுத்த கன்று வாங்கும்போது ஜம்பேரி எலுமிச்சையில ஒட்டுனதா கேளுங்க.

பஞ்சகவ்யா
தோலோடு திங்கிற பழம், அதனால ஒண்ணு சொல்லணும். இலைத்துளைப்பானுக்கு (இலைக்குள்ள குடைஞ்சு போற புழு) ஊடுருவிப் பாயும் மருந்து எதுவும் ஊத்தாதீங்க. அது பழத்துக்குள்ளே போயிடும், கழுவினா வராது. லிட்டருக்கு வேப்பெண்ணெய் 5 மி.லி., கொஞ்சம் சோப்புக் கரைசல், வெயில் தாழ்ந்ததும் தெளிங்க. அறுக்கிறதுக்குப் பத்து நாள் முன்னாடியே நிறுத்திடுங்க, இல்லாட்டி தோல்ல வேப்ப வாடை அடிக்கும். அது போக, பறவை எச்சம் மாதிரி இலைமேல உக்காந்திருக்கிற புழுவைக் கையால எடுத்துப் போட்டாலே போதும்.

பறிக்கிறப்ப இழுக்காதீங்க, கத்தரியால காம்பு வச்சு வெட்டுங்க. தோல் கிழிஞ்ச பழம் மறுநாளே அழுக ஆரம்பிச்சுடும்.