கட்டி சட்னி துவையலா, சட்னியா?

மல்லேஸ்வரம்_காப்பி: பெங்களூரு தர்ஷினிகளில் (நின்னுகிட்டே சாப்பிடுற சின்ன ஹோட்டல்கள்) இட்லி வடையோடு வைக்கிற கட்டி சட்னி நம்ம துவையலேதான். கன்னடத்து 'கட்டி' நம்ம 'கெட்டி'. தண்ணி குறைஞ்சா துவையல், கூடினா சட்னி. வேற என்ன வித்தியாசம்?

அம்மிக்கல்: கெட்டியா இருக்கிறதெல்லாம் துவையல்னா அல்வாவையும் சேர்த்துக்கோங்க சார். கட்டி சட்னிக்கு ஒரு கப் தேங்காய்த் துருவல், 2 மேசைக்கரண்டி பொட்டுக்கடலை, 3 பச்சை மிளகாய், கொஞ்சம் கொத்தமல்லி, துளி புளி, உப்பு. அடுப்பே பத்தவைக்க வேண்டாம். பொட்டுக்கடலை தண்ணியை இழுத்துக்கிட்டே இருக்கும். அரைச்சு வச்ச அரைமணியில் இன்னும் இறுகும்.

அதே ஒரு கப் தேங்காயில் துவையல்னா, நல்லெண்ணெயில் 2 மேசைக்கரண்டி உளுத்தம்பருப்பு, 4 வரமிளகாய், பெருங்காயம் போட்டுச் சிவக்க வறுக்கணும். தேங்காயையும் ஒரு நிமிஷம் புரட்டி ஆறவிடணும். முதலில் மிளகாய், கொட்டைப்பாக்களவு புளி, உப்பு, அப்புறம் தேங்காய், பருப்பு கடைசியில்தான். அது பல்லில் நறநறன்னு படணும்.

தாளிப்புக்_கரண்டி: வறுத்தா துவையல்னா வெங்காயச் சட்னியை எங்கே வைப்பீங்க? உளுந்தும் மிளகாயும் வறுத்து, வெங்காயம் வதக்கித்தானே அரைக்கிறோம்? எதோட சாப்பிடப்போறோம்கிறதுதான் பிரிக்குது. சுடுசோற்றில் எண்ணெய் விட்டுப் பிசைய அரைச்சது துவையல், பலகாரத்துக்குத் தொட்டுக்க அரைச்சது சட்னி. துவையலில் உப்பு, புளி, காரம் தூக்கலா போடுறதும் அதுக்குத்தான். சோறு எல்லாத்தையும் அமுக்கிடும்.

மல்லேஸ்வரம்_காப்பி: தோசைக்குத் துவையல் தொட்டுக்கிற வீடு எத்தனையோ இருக்கே! அதுவும் போக, தண்ணி விடலைன்னா மிக்ஸி சுத்தாது. விட்டா சட்னி ஆகிடுது. திரும்ப நான் சொன்ன இடத்துக்குத்தானே வர்றோம்?

அம்மிக்கல்: சுத்தாததுக்குப் பெரிய ஜார் காரணம். கொஞ்சமா அரைக்கும்போது எல்லாம் ஓரத்தில் ஒட்டிக்கும், பிளேடு வெறும் காத்தில் சுத்தும். சின்ன ஜாரில் ரெண்டு ரெண்டு நொடியா விட்டுவிட்டு ஓட்டுங்க, நடுவில் வழிச்சுவிடுங்க. 2 மேசைக்கரண்டி தண்ணி தெளிச்சாலே போதும். சூட்டோட அரைச்சா ஆவி நீராகி நீர்த்துடும். பருப்பை முதலில் போட்டா மாவாகி, களி மாதிரி நாக்கில் ஒட்டும்.

பேரையும் பாருங்க. துவைக்கிறதுன்னா அடிக்கிறது, இடிக்கிறது. துணி துவைக்கிறோமே, அதே சொல். 'தொகையல்'னு சொல்றதும் இதைத்தான். சட்னி, நக்குறதைச் சொல்ற இந்தி 'சாட்னா'விலிருந்து வந்தது.

தாளிப்புக்_கரண்டி: அப்போ ஒரு பேர் அரைக்கிற விதத்தில் வந்தது, இன்னொண்ணு சாப்பிடுற விதத்தில். பாதி என் கட்சிக்கு வந்துட்டீங்க! உங்க தேங்காய்த் துவையலில் அரை டம்ளர் தண்ணி விட்டு, நைசா ஓட்டி, கடுகு கறிவேப்பிலை தாளிச்சா இட்லிக்குச் சட்னி ரெடி. உண்டா இல்லையா?

அம்மிக்கல்: உண்டு. ஆனா எதிர்ப்பக்கம் போகாது. கட்டி சட்னியை என்ன இறுக்கினாலும் வறுத்த பருப்பு வாசனை வராது. சுடுசோற்றில் பிசைஞ்சா பச்சை மிளகாய் வாடைதான் முதலில் தூக்கும். பொட்டுக்கடலை மாவு சோத்தோட சேர்ந்து மொழுமொழுன்னு ஆகும். தர்ஷினிக்காரர் அதை வடைக்கு வைக்கிறார், சோத்துக்கு வைக்கிறதில்லை. சட்னின்னு அவர் வச்ச பேர் சரிதான்.