டிஜிட்டல் ட்ரேஸ் டேட்டா: தடயமா, சுவடா, தடமா?

அனைவருக்கும் வணக்கம். செல்பேசியையோ இணையத்தையோ நாம் பயன்படுத்தும்போது தானாகப் பதிந்துவிடும் தரவுக்கு ஆங்கிலத்தில் டிஜிட்டல் ட்ரேஸ் டேட்டா என்று பெயர். அதற்குத் தமிழில் எந்தச் சொல் பொருந்தும் என்று நான் கேட்டதற்கு வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> தடயத் தரவு என்றே வைத்துக்கொள்ளலாம். எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரிந்துவிடுமோ என்பதுதான் என் தயக்கம். செய்தித்தாளில் தடயம் என்றாலே கைரேகையும் மோப்ப நாயும்தான். தடயவியல் என்ற சொல்லும் காவல்துறைப் பக்கம் நன்றாக ஊன்றிவிட்டது. சமூக அறிவியல் பாடத்தில் இதைப் போட்டால், ஆய்வாளர் யாரையோ துப்பறிகிறார் என்று முதல் வரியிலேயே மாணவர் நினைத்துக்கொள்வார்.

எதற்குச் சொல் தேடுகிறோம் என்று கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். சமூகவியலாளர்கள் மேத்யூ சல்கானிக்கும் கிறிஸ் பெய்லும் 2017இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய கணினிசார் சமூக அறிவியல் (கணினி வழியே தரவுகளை ஆய்ந்து சமூகத்தைப் படிக்கும் துறை) கோடைப் பயிலரங்கின் பாடங்களுக்குத் தமிழில் குறிப்பு எழுதி வருகிறேன். அடுத்த ஆண்டே டியூக்கிலும் வேறு பல்கலைக்கழகங்களிலும் அது நடந்தது. பாடங்கள் இணையத்தில் எல்லோருக்கும் திறந்தே கிடக்கின்றன. அவற்றில் தொடக்கத்திலேயே வருவது இந்தச் சொல்.

அங்கே அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் வகை ஆய்வு ஒன்று ருவாண்டாவில் நடந்தது, 2015இல் வெளியானது. ஒரு செல்பேசி நிறுவனத்தின் சுமார் 15 லட்சம் வாடிக்கையாளர்களின் அழைப்புப் பதிவுகள்: யார், யாரை, எப்போது, எந்தக் கோபுரம் வழியாக அழைத்தார் என்பவை. பேசியது என்ன என்பது அதில் இல்லை. அவர்களில் ஆயிரத்துக்கும் குறைவானவர்களை மட்டும் போனில் கூப்பிட்டு, வீட்டு வசதிகளைப் பற்றிக் கேட்டார்கள். அந்த விடைகளைப் பதிவுகளோடு பொருத்திப் பார்த்து, மற்ற அத்தனை பேரின் வசதியையும் கணித்தார்கள். இந்தப் பதிவுகளை ஆய்வுக்கென்று யாரும் சேகரிக்கவில்லை. நிறுவனம் தன் வேலைக்காக வைத்திருந்தவை. மக்கள் தம் போக்கில் இருக்கும்போது தானாகப் பதிந்தவை. சொல்லில் இந்தக் குணம் தெரிய வேண்டும்.

> அப்படியானால் சுவடு?

அழகான சொல். 'சுவட்டுத் தரவு' என்று இலக்கணத்துக்கும் வளைந்து கொடுக்கிறது. ஆனால் பக்கத்திலேயே சுவடி நிற்கிறதே! ஓலைச்சுவடிகளை மின்வடிவாக்கும் பணி நம்மிடையே இவ்வளவு நடக்கும்போது, இரண்டும் கட்டாயம் குழம்பும்.

ஆகவே என் வாக்கு தடத்துக்கு. நடந்தால் பதிவது தடம். பதிய வைக்க வேண்டும் என்று யாரும் நடப்பதில்லை. அப்புறம், பேருந்து போகும் வழிக்கும் தடம் என்றுதான் பெயர். அந்தப் பொருளும் இங்கே உதவுகிறது. முன்பு ஃபேஸ்புக், பயனர்களைக் குறைந்தது 20 நண்பர்களாவது சேர்த்துக்கொள்ளத் தூண்டியது. அதனால் சுமார் 20 நண்பர்கள் உள்ளவர்கள் வழக்கத்துக்கு மாறாக மிகுந்து காணப்பட்டார்கள். அதை மனித இயல்பு என்று எடுத்துக்கொண்ட ஆய்வு தவறிப்போகும். கால் பயனருடையது, வழி போட்டது நிறுவனம். தடம் இரண்டையும் தாங்கும்.

'டிஜிட்டல்' என்ற முன்னொட்டில்தான் சிக்கல். 'மின்தடம்' என்று எழுதினால் கண் மின்தடை என்றே படிக்கிறது. அதனால் முதல் இடத்தில் எண்ணிமத் தடத் தரவு, பிறகு வரும் இடங்களில் வெறும் தடத்தரவு என்று வைத்திருக்கிறேன்.

இலங்கை நண்பர்கள் 'எண்ணிம' என்பதற்குப் பதிலாக 'இலக்கமுறை' என்பதையே விரும்புவார்களா? அவர்கள் கருத்தைக் கேட்ட பிறகே குறிப்பை இறுதி செய்வேன்.